ஹீட்டிங் லைனில் வேறு வேறு வகைப் பைப்புகளை இணைப்பது: ஃபிட்டிங் தேர்வுக்கு முழுமையான வழிகாட்டி

வீட்டு ஹீட்டிங் லைன் முழுக்க ஒரே வகைப் பைப்பாக இருப்பது அபூர்வம். பாய்லரை ஒட்டி காப்பர், சுவர் ஓரமாகப் பழைய இரும்பு, பிறகு சேர்த்த அறைக்கு பெக்ஸ் (வளையக்கூடிய பிளாஸ்டிக் பைப்) என்று கலந்துதான் இருக்கும். ஒழுகல் பெரும்பாலும் இவை சந்திக்கும் இடத்தில் வருகிறது. புதிதாகச் செய்பவர்கள் "அரை இஞ்ச் பைப்புக்கு ஒரு கனெக்டர்" என்று கேட்டு வாங்கி வருவார்கள். பொருந்தாது. மரையில் டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றி இறுக்குவார்கள். அன்றைக்கு நிற்கும், சில தடவை சூடேறி ஆறியதும் சொட்ட ஆரம்பிக்கும்.

எந்த இணைப்பையும் மூன்று கேள்வியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்தப் பைப்பை எது பிடிக்கப் போகிறது? அந்தப் பைப்பை எது பிடிக்கப் போகிறது? நடுவில் இரண்டும் எதில் சந்திக்கப் போகின்றன? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ரேடியேட்டர், தரை ஹீட்டிங் போன்ற மூடிய சுற்றுக்கான பைப் வேலை. பாய்லரின் உள்பாகங்களும் கேஸ் லைனும் உரிமம் பெற்றவர் தொட வேண்டியவை.

1. இரண்டு பைப்பும் என்ன வகை என்று உறுதி செய்யுங்கள்

பெயிண்ட் அடித்த பைப்பைப் பார்த்தவுடன் முடிவு செய்யாதீர்கள். மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டி, காந்தம் வைத்துப் பாருங்கள். செம்பு நிறம் தெரிந்து காந்தம் ஒட்டாவிட்டால் காப்பர். காந்தம் ஒட்டினால் இரும்பு. அதிலும் இரண்டு வகை உண்டு: மரை வெட்டக்கூடிய தடித்த பைப், பிரஸ் ஃபிட்டிங்குக்காக (கருவியால் அழுத்திப் பிடிக்க வைப்பது) வரும் மெல்லிய கார்பன் ஸ்டீல் பைப்.

இந்த மெல்லிய ஸ்டீல்தான் ஆளை ஏமாற்றும். 15, 18, 22, 28 மி.மீ என்று காப்பரின் வெளிவிட்டத்திலேயே வருகிறது. மரை வெட்டப் போனால் சுவர் கிழிந்துவிடும். பெயிண்டுக்கு அடியில் இருந்தால் காந்தம்தான் காட்டிக்கொடுக்கும்.

பிளாஸ்டிக் பைப் என்றால் உடம்பில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பொருள், வெளிவிட்டம், சுவர்த் தடிமன், எந்தத் தரநிலை, எவ்வளவு சூடு எல்லாம் அங்கே இருக்கும். நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. வெள்ளை நிறத்தில் பெக்ஸும் உண்டு, பிபிஆரும் (சூட்டில் உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக்) உண்டு, மல்டிலேயரும் (நடுவே அலுமினியம் வைத்த பிளாஸ்டிக்) உண்டு. வெட்டு முனையில் நடுவே வெள்ளி வளையம் தெரிந்தால் அலுமினியம் வைத்த பைப். அது தெரியாமல் ஃபிட்டிங் வாங்கினால் காசு வீண்.

2. வெளிவிட்டத்தைக் காலிப்பரால் அளவிடுங்கள்

"அரை இஞ்ச்" என்பது பெயர் மட்டும்தான், அளவு கிடையாது. அரை இஞ்ச் இரும்புப் பைப்பின் வெளிவிட்டம் 21.3 மி.மீ. இஞ்ச் கணக்கில் வரும் அரை இஞ்ச் காப்பருக்கு 15.9 மி.மீ. மெட்ரிக் காப்பரில் அதற்கு அருகில் இருப்பது 15 மி.மீ. பிபிஆரில் அதே வேலைக்கு 20 மி.மீ எடுப்பார்கள், மெட்ரிக் பெக்ஸில் பெரும்பாலும் 16 மி.மீ.

15.9-ம் 16-ம் ஒன்றுதானே என்று தோன்றும். 15 மி.மீ ஃபிட்டிங்கில் 15.9 மி.மீ பைப் நுழையாது என்பதால் அங்கே தப்பு நடக்க வழியில்லை. ஆனால் 15.9 மி.மீ பைப் 16 மி.மீ ஃபிட்டிங்கில் சுகமாக நுழையும், ஒழுகலையும் கூடவே கொண்டுவரும். 21.3 மி.மீ இரும்பும் 22 மி.மீ காப்பர் ஃபிட்டிங்கும் இதே கதைதான்.

பைப்பைச் சுற்றி நூல் கட்டி 3.14-ஆல் வகுக்கும் வழி பலருக்குத் தெரியும். இரும்பா காப்பரா என்று பிரித்துப் பார்க்க அது போதும். ஆனால் 15-க்கும் 15.9-க்கும் நூலில் வரும் வித்தியாசம் 3 மி.மீ கூட இல்லை, கை நடுங்கினால் போச்சு. சாதாரணக் காலிப்பர் ஒன்று வாங்கிவிடுங்கள். பெயிண்டைச் சுரண்டிய பிறகு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இடத்தில் அளந்தால் பைப் வட்டமாக இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு வசதியும் உண்டு. இஞ்ச் கணக்கு காப்பர், அதே வெளிவிட்டத் தொடரில் வரும் பெக்ஸ், சிபிவிசி (சிமெண்ட் வைத்து ஒட்டும் பிளாஸ்டிக்) மூன்றுக்கும் வெளிவிட்டம் ஒன்றே. அரை இஞ்ச் என்றால் மூன்றும் 15.9 மி.மீ. மூன்றுக்கும் பொது என்று தயாரிப்பாளர் சொல்லும் புஷ் ஃபிட் (தள்ளிச் செருகினாலே பிடிக்கும்) ஃபிட்டிங்குகள் இதனால்தான் சாத்தியம். சிபிவிசியில் இரும்புப் பைப்பின் வெளிவிட்டத்தில் வரும் இன்னொரு தொடரும் இருக்கிறது. அதை இவற்றோடு சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

பிளாஸ்டிக்கில் வெளிவிட்டத்தோடு சுவர்த் தடிமனும் வேண்டும். 16×2 பைப்பும் 16×2.2 பைப்பும் வெளியே பார்த்தால் ஒன்று, உள்ளே நுழையும் ஃபிட்டிங் வேறு.

3. அந்த இடத்தின் சூட்டையும் ஆக்ஸிஜனையும் பாருங்கள்

ஃபிட்டிங் பொருந்துவது ஒரு விஷயம், அந்த இடத்தில் தாங்குவது வேறு விஷயம். பிளாஸ்டிக் பைப்பில் சூடு ஏற ஏறத் தாங்கும் அழுத்தம் குறையும். இஞ்ச் கணக்கு பெக்ஸ் 23 டிகிரி செல்சியஸில் சுமார் 11 பார் தாங்கும், 82 டிகிரியில் சுமார் 6.9 பார், 93 டிகிரியில் சுமார் 5.5 பார். மூடிய ஹீட்டிங் சுற்று ஓடுவது 1 முதல் 2 பார் வரைதான் என்பதால் அழுத்தம் பிரச்சினை ஆவதில்லை. வருடக்கணக்கான சூடுதான் பைப்பைத் தின்னும்.

ஐஎஸ்ஓ 10508 தரநிலையில் பைப்புகளுக்கு வகுப்பு எண் உண்டு. 4 என்றால் தரை ஹீட்டிங், குறைந்த சூட்டு ரேடியேட்டர். 5 என்றால் அதிக சூட்டு ரேடியேட்டர். 1, 2 என்று மட்டும் போட்டிருந்தால் குழாய் வெந்நீருக்கானது. அதைப் பழைய பாய்லரின் ரேடியேட்டர் லைனில் போடாதீர்கள்.

பாய்லரிலிருந்து நேராகப் பிளாஸ்டிக் எடுக்கவும் வேண்டாம். முதல் பகுதி உலோகமாக இருக்கட்டும், 45 செ.மீ கேட்கும் தயாரிப்பாளரும் உண்டு, 1 மீட்டர் கேட்பவரும் உண்டு. பாய்லரின் கையேட்டையும் பைப்பின் கையேட்டையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுங்கள். விறகு அடுப்பு போலச் சூட்டைச் சட்டென்று நிறுத்த முடியாத கருவி என்றால் அதை ஒட்டிய லைனில் பிளாஸ்டிக்கை நினைக்கவே வேண்டாம்.

அடுத்தது ஆக்ஸிஜன், பலரும் கோட்டை விடும் இடம். சாதாரண பெக்ஸ் தண்ணீரை விடாது, காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்ல மெல்ல உள்ளே விடும். குழாய் வெந்நீரில் அதனால் நஷ்டமில்லை. மூடிய சுற்றில் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடுவதால், உள்ளே வரும் ஆக்ஸிஜன் ரேடியேட்டரையும் பம்பையும் துருவாக்கும். கருப்புச் சேறு சேரும். எனவே ஆக்ஸிஜன் தடுப்புப் படலம் உள்ள பெக்ஸ் அல்லது அலுமினியம் வைத்த மல்டிலேயர்தான் போட வேண்டும். பைப்பின் மேல் டிஐஎன் 4726 என்று அச்சிட்டிருந்தால் அந்தப் படலம் இருக்கிறது என்று பொருள்.

4. ஒவ்வொரு முனைக்கும் பிடிமானத்தைத் தேர்ந்தெடுங்கள்

காப்பர்: சால்டர் (உலோகம் உருக்கி ஒட்டுவது), கம்ப்ரெஷன் (நட்டை இறுக்கிப் பிடிப்பது), பிரஸ், புஷ் ஃபிட் நான்கும் செல்லும். பழைய பைப்பில் எனக்குப் பிடித்தது கம்ப்ரெஷன். லைனில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால் சால்டர் ஓடாது; கம்ப்ரெஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் நட்டுக்குள் இருக்கும் ஆலிவ் வளையம்தான் தண்ணீரை நிறுத்துகிறது, மரை வெறுமனே இழுத்துப் பிடிக்கிறது. ஆகவே மரையில் டேப் சுற்றுவதால் பயனில்லை, நட் முழுதாக இறங்காமல் போவதுதான் மிச்சம். கையால் இறுக்கிய பிறகு 15 மி.மீ பைப்புக்குச் சுமார் ஒரு சுற்று போதும். இரண்டாவது ஸ்பேனரால் ஃபிட்டிங்கின் உடம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பைப் முறுகும். சுருளாக வரும் மென்மையான காப்பருக்கு உள்ளே இன்சர்ட் (பைப்பை உள்ளிருந்து தாங்கும் சிறு குழல்) வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வளையம் பைப்பை நசுக்கிவிடும்.

தடித்த இரும்பு: மரைதான். பழைய பைப்பை நடுவில் வெட்டி அந்த இடத்திலேயே மரை போடுவது கஷ்டமான வேலை, சுவரோரம் டை (மரை வெட்டும் கருவி) திரும்பாது. அருகிலுள்ள எல்போ அல்லது சாக்கெட் வரை பைப்பைக் கழற்றி, அங்கே இருக்கும் நல்ல மரையில் தொடங்குவது சுலபம்.

பெக்ஸ்: கிரிம்ப் வளையம், கிளாம்ப், விரித்துச் செருகுவது, கம்ப்ரெஷன் செட், புஷ் ஃபிட் என்று பல வழிகள். விரித்துச் செருகும் முறை பொதுவாக பெக்ஸ்-ஏ வகைக்கானது. அலுமினியம் உள்ள பைப்பை விரிக்க முடியாது. ஒரு முறையின் வளையத்தை இன்னொரு முறையின் ஃபிட்டிங்கில் போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தோற்றத்தில் பொருந்தும், தாங்காது.

மல்டிலேயர்: பிரஸ் அல்லது கம்ப்ரெஷன். வெட்டிய முனையைக் காலிபிரேட்டரால் வட்டமாக்கி, உள்ளோரத்தைச் சரிவாக்கிய பிறகு செருகுங்கள். இதைத் தவிர்த்தால் வெட்டு முனையின் கூர், ஃபிட்டிங்கின் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை வெட்டிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும், ஒழுகும். பிரஸ் இயந்திரத்தின் தாடைக்கும் டிஎச், யு, எச் என்று வடிவம் உண்டு. ஃபிட்டிங்கில் எந்த எழுத்து இருக்கிறதோ அதே எழுத்துத் தாடை வேண்டும்.

பிபிஆர்: பிபிஆரோடு மட்டும்தான் உருகி ஒட்டும். வேறு எதோடு சேர்க்கவும் பித்தளை மரை பதித்த பிபிஆர் ஃபிட்டிங்கை 260 டிகிரியில் ஒட்டித்தான் ஆக வேண்டும். 20 மி.மீ பைப்புக்கு 5 விநாடி, 25 மி.மீக்கு 7 விநாடி சூடு. அதிக நேரம் வைத்தால் உருகியது உள்ளே வழிந்து வழியை அடைக்கும். பைப்பின் வெளிப்பக்கத்தில் அலுமினியத் தகடு இருந்தால், ஒட்டும் நீளத்துக்கு அதைச் சீவி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

சிபிவிசி: அதற்கென்று உள்ள சிமெண்ட் மட்டும், பிவிசி சிமெண்ட் வேண்டாம். முனையில் பித்தளை மரை உள்ள அடாப்டர் வையுங்கள். எண்ணெய் கலந்த பேஸ்ட், சில ரப்பர்கள், கிளைகால் கலந்த உறைவுத் தடுப்பு நீர் ஆகியவை சிபிவிசியில் விரிசல் விழச் செய்யும். சுற்றில் கிளைகால் இருக்கிறது என்றால் நான் சிபிவிசியை எடுக்க மாட்டேன்.

புஷ் ஃபிட் பற்றித் தனியாக ஒன்று. பிளாஸ்டிக் பைப்பில் இன்சர்ட் இல்லாமல் செருகக் கூடாது. சூட்டில் இளகும் பைப்பை ஓ-ரிங் உள்ளே அழுத்தி, நடுவே இடைவெளி விட்டுவிடும். செருகும் முன் ஆழத்தைப் பைப்பில் குறித்துக்கொள்ளுங்கள். குறி ஃபிட்டிங்கின் வாய்க்கு வெளியே தெரிந்தால் இன்னும் உட்காரவில்லை.

5. நடுவில் சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

குழப்பம் வந்தால் இரண்டு பக்கத்தையும் பித்தளை மரைக்குக் கொண்டுவந்து அங்கே இணையுங்கள். "நேரடி" ஃபிட்டிங் ஒன்றைத் தேடி அலைவதைவிட, இரண்டு அடாப்டரும் ஒரு நிப்பிளும் (இரு முனையிலும் மரை உள்ள சிறு பைப் துண்டு) பெரும்பாலும் எளிதாகக் கிடைக்கும். பிறகு பைப் மாற்ற வேண்டி வந்தாலும் ஒரு பக்கத்தைத் தொடாமல் மறுபக்கத்தை மட்டும் மாற்றலாம்.

ஹீட்டிங் லைனில் பிளாஸ்டிக் மரையும் உலோக மரையும் சந்திக்க விடாதீர்கள். பிளாஸ்டிக் உள்மரைக்குள் கூம்பு வடிவ இரும்பு மரையை இறுக்கினால், ஆப்பு அடித்த மாதிரி அது பிளந்துவிடும். மாற்றி வைத்தாலும் சூட்டில் பிளாஸ்டிக் மரை இளகி, ஆறும்போது தளர்ந்துபோகும். பித்தளை பதித்த அடாப்டரின் அவசியமே இதுதான்.

மரையின் தரநிலையும் முக்கியம். பிஎஸ்பி (பிரிட்டிஷ் தரநிலை) மரையின் கோணம் 55 டிகிரி, என்பிடி (அமெரிக்கத் தரநிலை) மரையின் கோணம் 60 டிகிரி. அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் இரண்டுக்கும் ஒரு இஞ்சுக்கு 14 மரை. அதனால் சில சுற்று சரியாக ஏறும், பிறகு இறுகும். "நல்லா பிடிச்சிருச்சு" என்று நினைத்து விட்டுவிடுவார்கள், உள்ளே சுருள் இடைவெளி இருக்கும். ஒரு இஞ்சில் பிஎஸ்பிக்கு 11, என்பிடிக்கு 11.5 என்பதால் சீக்கிரமே சிக்கும். வெளிநாட்டுத் தயாரிப்பு வால்வு வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

பிஎஸ்பியிலும் கூம்பு மரை, நேர் மரை என்று இரண்டு. கூம்பு வெளிமரைக்கு டெஃப்லான் டேப்போ சணலோ வேண்டும். நேர் மரையில் தட்டை முகமும் வாஷரும் இருந்தால் வாஷர்தான் தண்ணீரை நிறுத்தும், மரையில் எதுவும் சுற்ற வேண்டாம். தரை ஹீட்டிங் மேனிஃபோல்டுகளில் (தண்ணீரைப் பல லைன்களுக்குப் பிரிக்கும் பாகம்) அதிகம் வருவது முக்கால் இஞ்ச் யூரோகோன் முனை (உள்ளே கூம்பாகச் சரியும் முனை). அதற்கான நட், வளையம், இன்சர்ட் செட்டைப் பைப்பின் வெளிவிட்டம், சுவர்த் தடிமன் இரண்டையும் சொல்லி வாங்க வேண்டும்.

டேப்பை மரையின் முனையை நேராகப் பார்த்தபடி கடிகாரத் திசையில் சுற்றுங்கள், எதிர்த் திசையில் சுற்றினால் இறுக்கும்போது உருண்டு வெளியே வரும். டேப் சுற்றிய மரையை எல்போ நேராக வேண்டும் என்று பின்னால் திருப்பாதீர்கள். சணலும் பேஸ்டும் என்றால் சிறிது பின்வாங்கலைப் பொறுத்துக்கொள்ளும்; திசை பார்த்து வைக்க வேண்டிய இடத்தில் நான் சணலையே எடுப்பேன்.

இரண்டு பக்கமும் அசையாத லைன் என்றால் எங்காவது ஒரு யூனியன் (சுழலும் நட்டால் பிரித்துச் சேர்க்கும் ஃபிட்டிங்) கட்டாயம். நிப்பிளை ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கழலும். மரையில் சேர்ப்பதற்குச் சுழலும் நட் ஒன்றாவது வேண்டும் என்பது வேலையின் நடுவில்தான் பலருக்கு உறைக்கிறது.

6. எந்த உலோகம் எதைத் தொடுகிறது

காப்பரும் ஜிஐயும் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு) நேராகத் தொட்டால், ஈரத்தில் துத்தநாகம் முதலில் அரித்துப்போகும், பிறகு இரும்பு. நடுவில் ஒரு பித்தளை வால்வோ நீளமான பித்தளை நிப்பிளோ வைத்தால் அரிப்பு குறையும். மின்தொடர்பை அறவே துண்டிக்க வேண்டும் என்றால் டைஎலெக்ட்ரிக் யூனியன். ஆனால் அந்த உலோகப் பைப்பை வீட்டின் எர்த்திங்கில் சேர்த்திருந்தால் யூனியன் அதைத் துண்டித்துவிடும். எலெக்ட்ரீஷியனைக் கேட்டுவிட்டு வையுங்கள்.

குழாய் வெந்நீரில் "ஜிஐ முதலில், காப்பர் பிறகு" என்ற ஒழுங்கு சரி. காப்பரிலிருந்து கரைந்து வரும் துகள் ஜிஐயில் படிந்து குழி விழச் செய்யும். மூடிய சுற்றில் தண்ணீர் சுற்றிச் சுற்றி வருவதால் முன், பின் என்பதே கிடையாது. அங்கே காப்பாற்றுவது ஆக்ஸிஜன் இல்லாத தண்ணீரும் அரிப்புத் தடுப்பு ரசாயனமும்தான். சூடு சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் சில வகைத் தண்ணீரில் துத்தநாகப் பூச்சு இரும்பைக் காப்பதை நிறுத்திவிடும். ஆகவே புதிதாக ஹீட்டிங் லைன் போட ஜிஐ வாங்குவதில் அர்த்தமில்லை. பூச்சில்லாத கருப்பு இரும்பே போதும்.

பித்தளையில், துத்தநாகம் கரைந்துபோவதைத் தாங்கும் டிஇசட்ஆர் வகையைக் கேட்டு வாங்குங்கள். மலிவான பித்தளை சில தண்ணீரில் நாளடைவில் நுண்துளை விழுந்து உதிரும்.

7. வேலையின் வரிசை

முதலில் பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீரை வடியுங்கள். அடுத்து நெருப்பு வேலை: சால்டர் எல்லாம் முடித்து, முழுதாக ஆறவிட்டு, சால்டருக்குப் பூசிய ஃபிளக்ஸைத் துடையுங்கள். அப்புறம் மரை வேலை. பிளாஸ்டிக்கைக் கடைசியில் செருகுங்கள். அடாப்டரில் பெக்ஸை மாட்டிவிட்டு மறுமுனையைச் சால்டர் செய்தால், சூடு ஓடிவந்து ஓ-ரிங்கையும் பைப்பையும் கெடுக்கும், வெளியே எதுவும் தெரியாது.

மரையை இறுக்கிய பிறகு பிபிஆர் ஒட்டுவதா, ஒட்டிய பிறகு இறுக்குவதா என்ற கேள்வி வரும். இறுக்கிய பிறகு ஒட்டுங்கள். ஒட்டிய ஃபிட்டிங்கைப் பைப் ரிஞ்சால் திருகினால், பதித்த பித்தளை பிளாஸ்டிக்குக்குள் அசைந்துவிடும்.

வெட்டும்போது காப்பருக்குச் சக்கர கட்டர், பிளாஸ்டிக்குக்குக் கத்தரி கட்டர். ரம்பத்தால் வெட்டினால் கோணல் வரும், பிசிர் நிற்கும். உள்ளேயும் வெளியேயும் பிசிர் எடுங்கள். ஓ-ரிங் வெட்டுப்படுவதற்குப் பிசிர்தான் முதல் காரணம்.

8. பைப் நீள்வதற்கு இடம் விடுங்கள்

20 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குச் சூடேறும்போது 10 மீட்டர் இரும்பு 6 மி.மீ நீளும், காப்பர் 8.5 மி.மீ, மல்டிலேயர் சுமார் 12 மி.மீ. சாதாரண பிபிஆர் சுமார் 75 மி.மீ நீளும், பெக்ஸ் 70 முதல் 100 மி.மீ வரை. இணைப்பு ஒழுகுவதற்கு இந்த இழுப்பும் ஒரு காரணம். அடாப்டருக்குப் பக்கத்தில் உலோகப் பக்கத்தைக் கிளிப்பால் அசையாமல் பிடித்து, பிளாஸ்டிக் பக்கத்தில் ஒரு வளைவோ எல்போவோ கொடுத்து நகர விடுங்கள். நகரும் பகுதியைக் கிளிப்பால் நெருக்காதீர்கள்.

கம்ப்ரெஷனோ யூனியனோ தரைக் கான்கிரீட்டுக்குள் போகவே கூடாது. திரும்ப இறுக்க வேண்டிவரும் எந்த இணைப்பும் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

9. மூடுவதற்கு முன் சோதனை

தண்ணீரால் சோதியுங்கள். காற்றை அடைத்துச் சோதித்தால், சரியாகச் செருகாத ஃபிட்டிங் கழன்று வேகமாகப் பறக்கும்.

பொதுவாக வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு வைப்பார்கள். பைப்பின் கையேடு வேறு சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். ஹீட்டிங் சுற்றின் சேஃப்டி வால்வு வழக்கமாக 3 பாரில் திறக்கும், எனவே அதையும் பாய்லரையும் எக்ஸ்பான்ஷன் டேங்கையும் பிரித்துவிட்டு ஏற்றுங்கள். பிளாஸ்டிக் லைனில் முதல் சில நிமிடம் கேஜ் இறங்கும், பைப் விரிவதால்தான். திரும்ப ஏற்றி, நிலைத்த பிறகு பாருங்கள். மறுபடியும் இறங்கிக்கொண்டே இருந்தால் ஒழுகல். ஒவ்வொரு இணைப்பிலும் உலர்ந்த டிஷ்யூ பேப்பரை ஒற்றினால் கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தெரியும்.

குளிர் சோதனையோடு நிறுத்திவிடாதீர்கள். பிரித்தவற்றைத் திரும்ப இணைத்து, லைனைக் கழுவி, அரிப்புத் தடுப்பு ரசாயனம் சேர்த்து, முழுச் சூட்டில் ஓடவிட்டு, முழுதாக ஆறவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் திரும்பப் பாருங்கள். பலவீனமான இணைப்பு சொட்டுவது பெரும்பாலும் ஆறும்போதுதான். கம்ப்ரெஷன் நட் ஈரமாக இருந்தால் கால் சுற்று இறுக்கலாம். டேப் சுற்றிய மரை ஈரமாக இருந்தால் அழுத்தத்தை இறக்கி, கழற்றி, புதிதாகச் சுற்றுங்கள். புஷ் ஃபிட் ஒழுகினால் பைப் முனையை வெட்டிவிட்டுப் புது ஃபிட்டிங் போடுங்கள். ஓ-ரிங் வெட்டுப்பட்ட பழையதைத் திரும்பச் செருகிப் பயனில்லை.